கிறவல் ரோட்டிலிருந்து ஓர் அல்பம்: வன்னி இசைக்குழுக்களும் அமெரிக்காவின் அல்ட்-கன்ட்ரியும்

'அல்பம்' என்ற சொல்லுக்கு எங்கள் பக்கத்தில் மூன்று பொருள் உண்டு. முதலாவது, கலியாண வீட்டுப் படங்கள் ஒட்டிய தடித்த புத்தகம். வீட்டுக்கு யாரும் வந்தால் தேத்தண்ணியோடு சேர்த்துக் கையில் தருவார்கள். இரண்டாவது, கோயில் பாட்டு இறுவட்டு. ஊர்க் கோயிலில் கும்பாபிசேகம் வந்தால், வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் செலவை ஏற்க, அந்த அம்மன் மீதோ பிள்ளையார் மீதோ எட்டுப் பத்துப் பாட்டு எழுதிப் பதிந்து, மேடையில் முதற்பிரதி, சிறப்புப் பிரதி என்று கொடுத்து வெளியிடுவார்கள். மூன்றாவது, இப்போது பிள்ளைகள் வாயில் புழங்குவது. சினிமாவில் வராத ஒரு பாட்டை வீடியோ எடுத்து யூரியூப்பில் போட்டால் அது 'அல்பம் பாட்டு'. இருப்பது ஒரே ஒரு பாட்டுத்தான், ஆனாலும் பெயர் அல்பம்.

நான் எழுதப்போவது நாலாவது பொருளைப் பற்றி. ஒரு குழு தானே எழுதி, தானே மெட்டமைத்து, தானே வாசித்துப் பதிந்த எட்டோ பத்தோ பாட்டுகள், ஓர் ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாய்க் கேட்கவேண்டியவை. இந்தப் பொருளுக்கும் கலியாண வீட்டு அல்பத்துக்கும் உறவு இருக்கிறது. 78 சுற்று இசைத்தட்டுக் காலத்தில் ஒரு தட்டில் பக்கத்துக்கு ஒரு பாட்டுத்தான் பிடிக்கும். பல தட்டுகளைச் சேர்த்து விற்க, படப் புத்தகம் போல உறைகள் வைத்துக் கட்டிய அட்டைக்குள் போட்டுக் கொடுத்தார்கள். பெயர் அங்கிருந்து வந்தது. 1948இல் கொலம்பியா நிறுவனம் நீண்ட நேரத் தட்டை வெளியிட்டபோது ஒரு பக்கத்தில் இருபது நிமிடத்துக்கு மேல் பிடித்தது. அட்டைப் புத்தகம் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

வன்னியில் வாசிக்கத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. பங்குனி தொடங்கி ஆவணி வரை எந்தக் கிழமை எடுத்தாலும் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ மன்னாரிலோ ஒரு கோயில் வீதியில் ஓர் இசைக்குழு வாசித்துக்கொண்டிருக்கும். நானும் பன்னிரண்டு வருடமாய் அப்படியொரு குழுவில் பேஸ் கிற்றார் வாசிக்கிறேன். இன்று கேட்ட சினிமாப் பாட்டை நாளைக்கு மேடையில் அப்படியே இறக்கிவிடும் கீபோர்ட் கலைஞர்களை எனக்குத் தெரியும். ஆனால் "உங்கட சொந்தப் பாட்டு எது?" என்று கேட்டால் அவ்வளவு கெட்டிக்காரரும் பேசாமல் நிற்கிறார்கள். இது ஏன் என்று விளங்கிக்கொள்ள எனக்கு உதவியது அமெரிக்காவின் அல்ட்-கன்ட்ரி இசை, அதாவது அந்த நாட்டுக் கன்ட்ரிப் பாட்டை றொக்கோடு சேர்த்து வாசிக்கும் இசை. அதை இங்கே யாரும் கொப்பியடிக்கவேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் குழுக்கள் தங்கள் ஊரில் என்ன நிலையில் இருந்தன, அங்கிருந்து எப்படி அல்பம் செய்தன என்பது எங்கள் கதைக்கு மிகவும் கிட்ட இருக்கிறது.

தொப்பிக் கம்பனி மாடியும் ஐந்து நாள் அல்பமும்

கன்ட்ரி என்பது அமெரிக்கத் தெற்கின் கமக்காரர், சுரங்கத் தொழிலாளர், ரயில் பாதை வேலையாட்கள் ஆகியோரின் பாட்டு. 1927இல் ரால்ஃப் பியர் என்பவர் ரென்னசி மாநிலத்தின் பிரிஸ்டல் என்ற சிறு நகரத்துக்குப் பதிவுக் கருவியைக் கொண்டுவந்து, ஒரு தொப்பிக் கம்பனிக் கட்டடத்தின் மாடியில் வைத்து ஊர்ப் பாடகர்களைப் பதிந்தார். கார்ட்டர் குடும்பமும் ஜிம்மி ரொஜர்ஸும் அங்கேதான் முதன்முதல் பதியப்பட்டார்கள். அந்தக் குடும்பத்து ஏ. பி. கார்ட்டர், லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிற்றார் கலைஞரோடு மலையூர்களில் அலைந்து பழைய பாட்டுகளைச் சேர்த்தவர். கன்ட்ரியின் அடையாளம் என்று எல்லாரும் நினைக்கும் பான்ஜோவே, மேற்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொண்டுபோகப்பட்டவர்களின் வாத்தியத்திலிருந்து வந்தது. எங்கள் தீவின் பைலாவுக்குள்ளும் ஆபிரிக்கத் தாளம் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்திலிருந்து வந்த கபிர் மக்களின் சந்ததியினர் புத்தளம் பக்கம் சிராம்பியடியில் இன்றும் மஞ்சாப் பாட்டுப் பாடுகிறார்கள். ஆக, 'உள்ளூர் இசை' என்று நாங்கள் சொல்லும் எதுவும் ஒரே ஊரில் பிறந்ததில்லை.

1950களின் கடைசியில் நாஷ்வில் நகரத்துத் தயாரிப்பாளர்கள் கன்ட்ரியை மெருகேற்றத் தொடங்கினார்கள். ஊர்ப் பாணியில் இழுக்கும் பிடிலும் ஸ்ரீல் கிற்றாரும் பின்னுக்குப் போயின, பெரிய வயலின் கூட்டமும் கோரஸும் முன்னுக்கு வந்தன. விற்பனை கூடியது. ஆனால் பாடுகிறவர் எந்த ஊர் என்று கேட்பவருக்குக் கண்டுபிடிக்க முடியாமல் போய்விட்டது. அதற்கு மாற்றாய்ப் பல அலைகள் எழுந்தன. 1968இல் 'த பேர்ட்ஸ்' என்ற றொக் குழு கன்ட்ரிப் பக்கம் திரும்பியது. 1970களில் வில்லி நெல்சனும் வேலன் ஜென்னிங்ஸும் நாஷ்வில்லின் சொற்படி பாட மறுத்தார்கள். அல்ட்-கன்ட்ரி அந்த வரிசையில் கடைசியாய் வந்த அலை.

அந்தப் பெயரோடு முதலில் நினைவுக்கு வருவது அங்கிள் ருப்பலோ என்ற குழு. இலினோய் மாநிலத்தின் பெல்வில் என்ற ஊரைச் சேர்ந்த ஜே ஃபரார், ஜெஃப் ட்வீடி, மைக் ஹைடோர்ன் என்ற மூன்று இளைஞர்கள். வளர்ந்தது பங்க் றொக் கேட்டு. வீட்டில் காதில் விழுந்தது கன்ட்ரி. 1990இல் வந்த அவர்களின் முதல் அல்பத்துக்கு 'நோ டிப்ரஷன்' என்று பெயர். அந்தத் தலைப்புப் பாட்டு அவர்களுடையதில்லை, 1936இல் கார்ட்டர் குடும்பம் பதிந்தது. பொருளாதாரம் விழுந்து கிடந்த காலத்தில், பரலோகத்திலாவது இந்த மந்தம் இருக்காது என்று பாடிய பக்திப் பாட்டு. ஐம்பத்து நாலு வருடத்துக்குப் பிறகு, வேலையில்லாத இன்னொரு தலைமுறை அதை மின்கிற்றாரோடு எடுத்துப் பாடியது. பத்து நாள், 3,500 டொலர், அவ்வளவுதான் செலவு. 1995இல் தொடங்கிய ஒரு சஞ்சிகை அந்த அல்பத்தின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. அந்த வகை இசைக்கே சிலர் அந்தப் பெயரைச் சொன்னார்கள்.

அவர்களின் மூன்றாவது அல்பம்தான் என்னைப் பிடித்து உலுக்கியது. அதன் பெயர் 'மார்ச் 16–20, 1992'. பதிந்த நாட்களையே பெயராய் வைத்தார்கள். ஜோர்ஜியா மாநிலத்தின் ஏதன்ஸ் நகரத்தில், ஆர்.ஈ.எம். குழுவின் பீற்றர் பக் மேற்பார்வையில், ஐந்து நாளில் முடித்தது. பெரும்பாலும் மின்சாரமில்லாத வாத்தியங்கள். சுரங்கத் தொழிலாளர் பாடிய பழம் பாட்டுகளும் இவர்கள் எழுதிய புதிய பாட்டுகளும் பக்கம் பக்கமாய் இருக்கும், எது பழசு எது புதுசு என்று முதல் தரம் கேட்கும்போது பிரித்தறிய முடியாது. 1994இல் குழு உடைந்து வில்கோ, சன் வோல்ற் என்று இரண்டாய்ப் போனது. அது வேறு கதை.

இன்னும் இரண்டு அல்பங்களைச் சொல்லவேண்டும். 1982இல் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஸ்ரூடியோவில் பதிந்ததில்லை. குழுவுக்குப் பாட்டுக் காட்டுவதற்காக வீட்டில் நாலு தடக் கசற் கருவியில் தனியே பதிந்து வைத்திருந்தார். பிறகு முழுக் குழுவோடு ஸ்ரூடியோவில் வாசித்துப் பார்த்தபோது அந்தக் கசற்றில் இருந்தது வரவில்லை. கடைசியில் கசற்றையே அல்பமாக்கினார்கள். மற்றது லுசிண்டா வில்லியம்ஸ் 1998இல் வெளியிட்டது. அதன் பெயரை எங்கள் தமிழில் சொன்னால் 'கிறவல் ரோட்டில் கார்ச் சில்லுகள்' என்றுதான் வரும். அவர் தேடியது வேகமோ மலிவோ இல்லை, திருப்தி வராமல் திரும்பத் திரும்பப் பதிந்து ஆண்டுக்கணக்கில் இழுத்தார். ஆனால் அந்தப் பாட்டுகளில் லேக் சார்ள்ஸ், ஜாக்சன், கிரீன்வில் என்று ஊர்ப் பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். சிறு பிள்ளை காரின் பின் சீற்றில் இருந்து பார்த்த ரோட்டு அது. செம்புழுதி பறக்கும் ரோட்டுக்கு நாங்கள் சொல்லும் அதே 'கிறவல்' என்ற சொல்லை அந்தப் பெயரில் கண்டபோது, துணுக்காயிலிருந்து மாங்குளத்துக்குத் தகப்பனின் சைக்கிள் பாரில் இருந்து போன பிள்ளையாய் என்னை நினைத்துக்கொண்டேன்.

உபயகாரரின் இரவு

சரி, இங்கே ஏன் அப்படி வரவில்லை? முதல் காரணம் பணம் வரும் வழி. வன்னி இசைக்குழுவின் வருமானம் திருவிழா. ஒவ்வொரு திருவிழாவுக்கும் ஓர் உபயகாரர் இருப்பார். பூங்காவனத்துக்கோ தேருக்கோ கச்சேரி வைப்பது அவர் பொறுப்பு. சனம் நிறையவேண்டும், சனம் கலையாமல் இருக்கவேண்டும். அதனால் பிள்ளையார் பாட்டில் தொடங்கி, இரண்டு மூன்று பக்திப் பாட்டு முடிந்ததும் சினிமாவுக்கு வந்துவிடவேண்டும். கூட்டத்திலிருந்து துண்டுக் கடதாசியில் விருப்பப் பாட்டு எழுதி வரும். துண்டில் எழுதுகிறவருக்குத் தெரிந்த பாட்டுத்தானே எழுதுவார். யாருமே கேட்டிராத எங்கள் பாட்டை எந்தத் துண்டும் கேட்காது.

ஒரு முறை நாங்கள் துணிந்து ஒரு சொந்தப் பாட்டை இடையில் வைத்தோம். யானைக்குக் காவல் இருக்கும் இரவைப் பற்றிய பாட்டு. இரண்டாவது சரணம் வருமுன் ஏற்பாட்டாளர் ஒருவர் மேடைக்கு ஏறி, "தம்பி, அடுத்ததைப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காசு கொடுத்தவருக்கு அவர் பதில் சொல்லவேண்டும். ஆனால் பாட்டு என்பது மேடையில்தான் வளரும். அங்கிள் ருப்பலோ முதல் அல்பம் பதியுமுன் அந்தப் பாட்டுகளைச் சிறிய குடிபான விடுதிகளில் திரும்பத் திரும்ப வாசித்துத் தேய்த்திருந்தார்கள். ஐந்து நாளில் பதிய முடிந்தது அந்தத் தேய்ப்பினால். எங்களுக்கு அப்படித் தேய்க்க ஒரு கல் இல்லை.

அதனால்தான் ராப் எங்களைவிட வேகமாய்ப் போகிறது என்று நினைக்கிறேன். ராப் செய்ய ஒரு போன், ஒரு பீற், ஒரு தலை போதும். மேடை தேவையில்லை. றொக் குழுவுக்கு நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஒரே கொட்டிலில் கூடவேண்டும். ஒருவர் மேசன் வேலைக்குப் போயிருப்பார், ஒருவருக்கு வயலில் தண்ணீர் கட்டவேண்டியிருக்கும், ஒருவர் கொழும்பில் வேலை கிடைத்துப் போய்விடுவார். வன்னியில் குழு உடைவது பெரும்பாலும் சண்டையால் இல்லை, பஸ் ஏறிப் போவதால்.

கிற்றார் எங்கே இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். திருவிழாக் குழுக்களில் கீபோர்ட்டும், தட்டித் தாளம் போடும் மின்கருவியான ஒக்டாபாட்டும்தான் ராசா. எனக்குத் தெரிந்த கிற்றார்காரர் பலர் மாதா கோயில் பாடகர் குழாத்தில் கற்றவர்கள். ஜி, சி, டி என்ற மூன்று கோர்ட்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டத்தை) வைத்துக்கொண்டு ஒரு பூசை முழுவதையும் பாடி முடிப்பார்கள். கன்ட்ரியின் பெரும்பகுதி நிற்பதும் இந்த மூன்று கோர்ட்டில்தான். அதையே றொக்காய் மாற்றுவதற்குத் தேவையானது கொஞ்சம் சத்தமும் நிறையத் துணிவும்.

டைனமோவில் சுழன்ற பாட்டு

எங்களுக்கு முன்மாதிரியே இல்லை என்று சொல்வது பிழை. 1960களின் பிற்பகுதியில் நித்தி கனகரத்தினம் 'சின்ன மாமியே' போன்ற பாட்டுகளை யாழ்ப்பாணப் பேச்சுத் தமிழில் பாடினார். ஏ. ஈ. மனோகரனின் 'சுராங்கனி' 1970களில் தமிழ்நாடு வரைக்கும் போனது. ஈழத்துப் பொப் என்று சொல்லும் அந்தப் பாட்டுகள் பைலாத் தாளத்தில், எங்கள் சொற்களில், சினிமா உதவியில்லாமல் நின்றன. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவை அதே காலத்தில் உள்ளூர்க் கவிஞர்களையும் பாடகர்களையும் வைத்து மெல்லிசைப் பாட்டுகளை வளர்த்தது. எஸ். கே. பரராஜசிங்கத்தின் பெயர் அந்த மெல்லிசையோடு சேர்ந்தே நினைவில் இருக்கிறது. ஆனால் அவை தனிப்பாட்டுகளாய் வானொலியில் போய், கேட்டவர் காதில் தங்கின. கையில் எடுத்து வைத்துக்கொள்ளும் அல்பமாய்ப் பெரும்பாலும் ஆகவில்லை.

பிறகு போர். 1990க்குப் பின் வன்னிக்குள் மின்சாரம் இல்லை, பற்றறி வருவதற்குத் தடை, மண்ணெண்ணெய் பொன் விலை. சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் பிளேயரை ஓடவிட்டுக் கேட்டோம். சுற்றுகிறவர் களைத்தால் பாட்டின் சுருதி இறங்கும். 'அண்ணை, கொஞ்சம் வேகமாய்' என்று யாராவது கத்துவார்கள். அந்தக் காலத்து வன்னியில் பதியப்பட்ட பாட்டு என்றால் அது பெரும்பாலும் விடுதலைப் புலிகளின் கலை பண்பாட்டுக் கழகம் வெளியிட்ட ஒலிநாடா. புதுவை இரத்தினதுரை எழுதியவை, 2017இல் காலமான எஸ். ஜி. சாந்தன் பாடியவை என்று வீட்டுக்கு வீடு இருந்தன. சாந்தன் அதே குரலில் கோயில் பாட்டும் பாடியவர். அந்தப் பாட்டுகளின் அரசியலைப் பற்றி ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு கருத்து இருக்கும். இசைக்காரனாய் நான் பார்ப்பது இதை: தட்டுப்பாட்டுக்கு நடுவிலும் இங்கே ஒழுங்காய்ப் பதிவு நடந்தது, வாத்தியக்காரர் இருந்தார்கள், பாட்டுகள் ஒரு தொகுப்பாய் வரிசைப்படுத்தப்பட்டு வெளியாயின.

2009இல் எல்லாம் போனது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் மெனிக் பாம் முகாம்களுக்குப் போனபோது கையில் இருந்தது உடுத்த உடுப்பு. கீபோர்ட்டையும் ஆர்மோனியத்தையும் யார் தூக்கிக்கொண்டு ஓடுவது? இயக்கப் பாட்டுகளுக்கு வெளிநாட்டில் பிரதி இருந்தது. இழந்தது அதைவிடச் சின்னச் சின்ன விஷயங்கள். கலியாண வீட்டில் பாடிய கோஷ்டியின் கசற், கூத்து மேடையில் யாரோ பதிந்து வைத்த நாடா, வெளியாகாமல் கிடந்த பாட்டுக் கொப்பி. 2012 புரட்டாதியில் மெனிக் பாம் மூடப்பட்டது. 2013 செப்டெம்பரில் யாழ்தேவி கிளிநொச்சிக்கு வந்தது. மின்கம்பி வந்தது. அப்புறம்தான் திருவிழாக் குழுக்கள் திரும்பவும் எழும்பின. அந்தக் குழுக்களுக்குத் தெரிந்த பாட்டு, தொலைக்காட்சியிலும் போனிலும் கிடைத்த சினிமாப் பாட்டு. நடுவில் அறுந்த நூலைப் பிடித்துக் கொடுக்க அவர்களுக்கு ஆள் இல்லை.

மடுவும் மாடும்

கருவியைவிடப் பெரிய சிக்கல் மொழியில் இருக்கிறது. றொக் பாடகர் ஒரு சொல்லைப் பிடித்து நீட்டுவார். ஆங்கிலத்தில் எந்த உயிரெழுத்தை இழுத்தாலும் பெரும்பாலும் பொருள் தப்பிப் பிழைக்கும். தமிழில் குறிலை இழுத்தால் அது நெடில். 'மடு' என்று நீட்டினால் மாடு. 'குளம்' என்று நீட்டினால் கூளம். வன்னியைப் பற்றிப் பாட வெளிக்கிட்டு இந்த இரண்டு சொல்லையும் தவிர்க்க முடியுமா? எங்கள் குழுவில் இதற்காகவே ஒரு பாட்டை மூன்று முறை மாற்றி எழுதியிருக்கிறோம்.

வழி எங்களிடமே இருக்கிறது. கூத்தில் அண்ணாவியார் குறிலை நீட்டமாட்டார். நெடில் வரும் இடத்தில் நிற்பார், இல்லையென்றால் அடி முடிவில் 'ஏ' என்றோ 'ஆ' என்றோ ஓர் எழுத்தைச் சேர்த்து அதை இழுப்பார். முல்லைத்தீவுப் பக்கத்துக் கோவலன் கூத்துக்கு 'முல்லை மோடி' என்று தனிப் பாணியே உண்டு. மன்னாரின் கத்தோலிக்கக் கூத்தில் மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என்று இரண்டு வழி. சூடு மிதிக்கும்போது பாடும் பொலிப் பாட்டுகள் மாட்டின் நடைக்குத் தாளம் போட்டவை. மலையகத்திலிருந்து 1958, 1977 வன்செயல்களுக்குப் பின் வந்து கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் குடியேறிய மக்களோடு தப்பு மேளமும் அவர்களின் பாட்டும் வந்தன. இத்தனையும் ஒரு பஸ் ஓடும் தூரத்துக்குள் கிடக்கின்றன. ஏ. பி. கார்ட்டருக்கு இவ்வளவு வகை கிடைத்திருந்தால் மலை மலையாய் அலைந்திருக்கவே தேவையில்லை.

அடுத்தது உச்சரிப்பு. எங்கள் பாடகர்கள் மேடையிலிருந்து இறங்கிப் பேசும்போது "வாறன்", "ஓம்" என்பார்கள். மைக்கைப் பிடித்ததும் "வரேன்", "ஆமா" ஆகிவிடும். சினிமாத் தமிழில் பாடிப் பாடி நாக்கு அப்படிப் பழகிவிட்டது. அல்ட்-கன்ட்ரியில் நான் அதிகம் மதிப்பது இந்த ஒன்றைத்தான்: பாடகர் தான் பேசுகிற மாதிரியே பாடுவார், ஊர் இழுவையை மறைக்கமாட்டார். நித்தி கனகரத்தினம் ஐம்பது வருடத்துக்கு முன் அதைச் செய்து காட்டினார். சென்னையில் 2018 ஜனவரியில் மேடையேறிய 'த காஸ்ற்லெஸ் கலெக்ரிவ்' குழு கானாவையும் றொக்கையும் ராப்பையும் சேர்த்து, வடசென்னைத் தமிழை அப்படியே பெரிய மேடைக்குக் கொண்டுவந்தது. வன்னித் தமிழில் ஒரு றொக் பாட்டு முழுதாய் நிற்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வாத்தியத்திலும் உறவு இருக்கிறது. கன்ட்ரியின் ஸ்ரீல் கிற்றார் ஹவாய்த் தீவிலிருந்து வந்தது. இரும்பைக் கம்பிமேல் வைத்து வழுக்க, சுரம் சுரத்துக்குத் தாவாமல் இழைந்து போகும். எங்கள் காது கமகத்தில் கேட்டுப் பழகியதும் அதுதானே. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கரான ரை கூடரும் மோகன வீணை வாசிக்கும் விஸ்வ மோகன் பட்டும் அறிமுகமாகி ஒரு மணி நேரம்கூட ஆகாமல் ஒரு தேவாலயத்தில் அமர்ந்து ஒரே இரவில் ஓர் அல்பம் பதிந்தார்கள். அதற்கு கிராமி விருதும் கிடைத்தது. எங்கள் லீட் கிற்றார்காரர் ஒரு சின்ன இரும்புக் குழாயை விரலில் மாட்டி அதே வழுக்கலைப் பழகிக்கொண்டிருக்கிறார். நாதஸ்வரக்காரரின் மகன் அவர். அவருக்கு அது சீக்கிரம் பிடிபட்டது.

நெல் மூட்டை அறை

பதிவு செய்ய என்ன வேண்டும் என்று தம்பிமார் கேட்கிறார்கள். ஒரு மடிகணினி, இரண்டு மைக் செருகக்கூடிய ஓர் இடைமுகப் பெட்டி, ஒரு கொண்டென்சர் மைக், ஒரு ஹெட்போன். ஸ்பிரிங்ஸ்ரீனின் நாலு தடத்தைவிட எத்தனையோ மடங்கு அதிகம் இதில் கிடைக்கும். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனபின் கம்பி முதல் கேபிள் வரை விலை ஏறியது ஏறியதுதான், உண்மைதான். ஆனால் ஒரு திருவிழாப் பருவத்துக் காசில் நாலு பேர் சேர்ந்தால் முடியாத காரியம் இல்லை.

பெரிய எதிரி அறை. தகரக் கொட்டிலுக்குள் ட்ரம்ஸ் அடித்தால் பதிவில் கேட்பது தகரம். மாரியில் மழை விழத் தொடங்கினால் அதுவும் இல்லை. நாங்கள் எதேச்சையாய்க் கண்டுபிடித்த நல்ல அறை, நெல் மூட்டை அடுக்கிய ஒரு களஞ்சியம். மூன்று பக்கமும் சாக்கு மூட்டை இருந்ததால் எதிரொலி அப்படியே அமுங்கிப்போனது. பேஸ் கிற்றாரின் அடித்தொனி அவ்வளவு துப்புரவாய் எனக்கு வேறெங்கும் கேட்டதில்லை. கரண்ட் நின்று லைற் மிசின் போட்டால் ஓர் 'ங்ங்' சத்தம் கேபிள் வழியே ஏறும். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அந்த இரைச்சலின் சுருதி கிட்டத்தட்ட ஜி. அதனால் ஜி கோர்ட்டில் இருக்கும் பாட்டில் அது அவ்வளவு உறுத்தாது. ஒரு பாட்டில் அதை அகற்றாமலே விட்டிருக்கிறோம்.

உரிமை விஷயத்தை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். சினிமாப் பாட்டை வாசித்து யூரியூப்பில் போட்டால் வரும் காசு பாட்டின் உரிமைக்காரருக்குப் போகும். சொந்தப் பாட்டு என்றால், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி அது எழுதியவருடையது, அவர் காலத்துக்குப் பின் இன்னும் எழுபது வருடம். 2021 பெப்ரவரியில் ஸ்பொற்றிஃபை இலங்கைக்கு வந்தபின், நெடுங்கேணியில் பதிந்த அல்பத்தை ரொறன்ரோவில் அன்றே கேட்கலாம். அங்கே கேட்பவர்கள் இருக்கிறார்கள். கோயில் இறுவட்டுக்குக் காசு அனுப்புகிறவர்கள் ஒரு தரம் இப்படியான அல்பத்துக்கும் அனுப்பிப் பார்க்கவேண்டும் என்பது என் உளமார்ந்த வேண்டுகோள். பாட்டில் உங்கள் ஊர்ப் பெயர் வரும்.

எதைப் பற்றிப் பாடுவது என்று கேட்பவர்களுக்கு நான் ஏ9 வீதியைக் காட்டுவேன். முறிகண்டியில் பஸ்ஸை நிறுத்தித் தேங்காய் உடைத்துக் கச்சான் வாங்கும் சனம். காஸ்ரிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையின் எலும்புக்கூடு. பரணில் யானை வெடியோடு விழித்திருக்கும் கமக்காரர். கிழமைக்குக் கிழமை நுண்கடன் காசு கேட்டு வாசலுக்கு வரும் மோட்டார் சைக்கிள். 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில் காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு இருக்கத் தொடங்கிய தாய்மார். இதில் ஒன்றையும் சினிமாப் பாட்டு எங்களுக்காகப் பாடப்போவதில்லை.

எங்கள் குழு நாளும் குறித்துவிட்டது. காலபோக அரிவு வெட்டு மாசியில் முடியும். பங்குனி நடுப்பகுதியில் ட்ரம்ஸ் அடிப்பவருக்கு வயல் வேலை இல்லை, திருவிழாக் கச்சேரிகள் இன்னும் சூடுபிடித்திருக்காது, களஞ்சியத்தில் மூட்டைகள் விற்காமல் அடுக்கியபடியே இருக்கும். கலண்டரைப் பார்த்தால் மார்ச் 16 முதல் 20 வரை. ஆறு பாட்டுக் கைவசம் இருக்கிறது. ஏழாவதில் 'குளம்' என்ற சொல் வரும் இடத்தை இன்னும் சரிசெய்யவேண்டும். எட்டாவதைத் துணுக்காய் ரோட்டைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன்.